உன் பெயரில் நான் செய்த திருத்தம்

என் பிரியமான மைனிக்கு,

வயதில் நீ என்னைவிடச் சின்னவள். என் அண்ணனைக் கட்டியதால் முறைக்கு மூத்தவள் ஆனாய். மைனி என்று கூப்பிட்டபடியே நீ, வா, போ என்று பேசும் உரிமை இந்த மட்டாஞ்சேரியில் எனக்கு மட்டும்தான் இருந்தது. அந்த உரிமையில்தான் இப்போதும் எழுதுகிறேன். என் தமிழில் பிழை இருக்கும். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவளின் தமிழ் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாததா? அங்கே இருந்தபடியே திருத்திக்கொள், உனக்குப் பழகிய வேலைதானே.

முதலில் வீட்டு விஷயம். அண்ணன் பழையபடி பெட்டி ஆட்டோவில் சுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு பஜாருக்கும் துறைமுகத்துக்கும் ஓடுகிறான். உன் மீன் குழம்பை அவனே வைக்கப் பார்த்து இரண்டு சட்டியைக் கரியாக்கியாயிற்று. மூன்றாவது சட்டியை நான் ஒளித்து வைத்துவிட்டேன். குடிப்பதில்லை, அழுவதும் இல்லை. சாப்பிடும்போது மட்டும் உன் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்கவும் விண்ணப்பம் போடவும் வருகிறவர்கள் இன்னமும் மூலைக் கணினியைப் பார்த்துவிட்டு, "சிலோன் சேச்சி எவிடே?" என்று கேட்கிறார்கள். ஆரம்பத்தில் எர்ணாகுளம் போயிருக்கிறாள் என்று சொல்லி அனுப்பினேன். எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை என்ற மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். சொன்னதும் அவர்கள் ஜெராக்ஸ் காசைக் கூடக் கொடுக்க மறந்து நிற்பார்கள். நானும் கேட்பதில்லை.

இனி அந்தப் பக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும். இந்தக் கடிதத்தை இணையத்தில் போடப்போகிறேன், அங்கே படிக்கும் மற்றவர்களுக்காக அது எந்தப் பக்கம் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்.

இணையத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதுகிற ஆங்கிலக் கலைக்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. யாரும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் அழிக்கலாம். ஆனால் எழுதும் ஒவ்வொன்றுக்கும் அச்சில் வந்த சான்று காட்ட வேண்டும். நான் கண்ணால் பார்த்தேன், என் வீட்டில் நடந்தது என்பதெல்லாம் அங்கே செல்லாது. அதில் இலங்கையின் வடக்கே நடந்த ஒரு படையெடுப்பைப் பற்றி ஒரு பக்கம் உண்டு. உன் அம்மா அந்தப் படையெடுப்பில்தான் செத்துப்போனார். நீ படகேறி வந்து, அகதி முகாமில் இருந்து, ஐஸ் வண்டி ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த என் அண்ணனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து வருடங்கள் ஆன பிறகு நடந்த சாவு அது. உன்னால் போக முடியவில்லை. கடைசிவரை உனக்கு ஒரு பாஸ்போர்ட் கிடைக்கவில்லையே.

முதன்முதலில் நீ அந்தப் பக்கத்தைத் திறந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. படைப்பிரிவுகளின் பெயர் இருந்தது. எந்தத் தேதியில் எந்தச் சந்தி விழுந்தது என்று இருந்தது. அம்புக்குறி போட்ட வரைபடம் இருந்தது. நீ கீழேவரை படித்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தாய்.

"இஞ்சை பார் மச்சாள், சனமே இல்லாத ஊரிலையோ இவ்வளவு சண்டையும் பிடிச்சவை?"

அன்றைக்கு உட்கார்ந்தவள்தான் நீ. கடையில் கூட்டம் இல்லாத நேரமெல்லாம் அந்த மூலைக் கணினி உன்னுடையதாகிவிட்டது. நான் மின்கட்டணத்தைப் பற்றி முணுமுணுத்ததை நீ காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

எதிரில் ஒருவர் இருந்தார். அவருடைய பயனர் பெயர் சிங்களத்தில் கொக்கு என்று சொன்னாய். சண்டை முற்றிய நாட்களில்கூட அவரைக் கொக்கர் என்று மரியாதையாகத்தான் சொல்வாய். ஒரு பட்டணத்தைப் படை "மீட்டது" என்று அவர் எழுதுவார், நீ "கைப்பற்றியது" என்று மாற்றுவாய். அவர் திரும்ப மாற்றுவார், நீ திரும்ப மாற்றுவாய். பஜாரில் அரிசி இறக்குகிற ஆட்கள்கூட இரண்டு பேச்சுக்கு மேல் சண்டை போடமாட்டார்கள். நீங்கள் இரண்டு பேரும் ஒரு சொல்லுக்காக ஒரு மழைக்காலம் முழுக்கப் போட்டீர்கள். கடைசியில் நிர்வாகிகள் இருவருக்கும் தடை போட்டார்கள்.

அங்கே எழுதுகிற ஒவ்வொருவருக்கும் செய்தி பரிமாற ஒரு பேச்சுப் பக்கம் உண்டு, தடை விழுந்தவர் தன்னுடையதில் மட்டும் எழுதலாம். பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் மதிலுக்கு மேல் பேசுவதுபோல நீ உன் பக்கத்தில் எழுதுவாய், அவர் தன் பக்கத்தில் பதில் எழுதுவார். வேறு வேலை இல்லாததால் முதல்முறையாக ஒருவர் எழுதியதை மற்றவர் முழுசாகப் படித்தீர்கள். அப்போதுதான் நீ அந்த யோசனையைச் சொன்னாய். எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டியது இதுதான்: "உங்கடை செத்த ஆக்களை நான் எழுதுறன். எங்கடை செத்த ஆக்களை நீங்கள் எழுதுங்கோ. தன்ரை ஆக்களை ஒருத்தரும் தொடக்கூடாது."

கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒனக்குப் பிராந்து பிடிச்சிருக்கா மைனி? நம்ம ஆளுங்கள அவன் எழுதுனா எழுதுன மாதிரிதான்!" என்று கத்தினேன்.

நீ கத்தவில்லை. "என்ரை அம்மாவை நான் எழுதினால் கூட்டித்தான் எழுதுவன் மச்சாள். அவரும் அப்பிடித்தான். மற்றவன்ரை செத்தவையை எழுதேக்கை கூட்டவும் மனம் வராது, குறைக்கவும் பயமா இருக்கும்" என்றாய். கொக்கர் ஒரே சொல்லில் சம்மதம் எழுதினார்.

அந்தக் கலைக்களஞ்சியத்தில் இப்படி ஒரு விதி கிடையாது. நீங்கள் இரண்டு பேராக வைத்துக்கொண்ட முறை அது. அவர் சிங்களப் புத்தகங்களின் பக்கங்களை ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்புவார். நீ தமிழில் வந்ததைப் பெயர்த்து அனுப்புவாய். அதிலிருந்து நீ எழுதியதுதான் மணல்திட்டுப் பத்தி. களப்பு என்று நீ சொன்ன உப்பங்கழியின் ஓரத்து மணல்திட்டில் மாட்டிக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் இல்லாமல், காயம்பட்டவர்களைத் தூக்கிப் போக வழியில்லாமல் செத்த சிப்பாய்களைப் பற்றியது. அதை எழுதிய வாரம் நீ யாரிடமும் சரியாகப் பேசவில்லை. "பாவமடி, நெல்லு விதைக்கிற வீட்டுப் பொடியள்" என்று ஒருமுறை சொன்னாய். எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர்களுக்காக நீ ஏன் பாவப்பட வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அவர் எழுதியது பள்ளிக்கூடத்து வரி. மாதக்கணக்கில் எதுவும் சேர்க்காமல் இருந்தவர் ஒருநாள் காலையில் அதைச் சேர்த்திருந்தார். குளத்தங்கரைப் பள்ளிக்கூடம் ஒன்று ஆஸ்பத்திரி வார்டாக மாற்றப்பட்டிருந்தது என்றும், எறிகணை விழுந்தபோது உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் நடக்க முடியாதவர்கள் என்றும் எழுதி, ஒரு பழைய அறிக்கையைச் சான்றாகக் காட்டியிருந்தார். இடுப்பு முறிந்து அங்கே கிடந்தவர்களில் உன் அம்மாவும் ஒருத்தி. தப்பி வந்த ஒருவர் தொலைபேசியில் சொல்லித்தான் நமக்கே தெரியும். அதை நீ கொக்கரிடம் சொன்னதே இல்லை. சொன்னால் அவரும் சரியாக எழுதமாட்டார் என்றாய்.

அந்த வரியைப் படித்துவிட்டு, "சரியா எழுதியிருக்கிறார்" என்றாய். பிறகு கடையின் பின்னால் போய், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்று அழுதாய். அம்மா செத்த செய்தி வந்த அன்றுகூட நீ அப்படி அழவில்லை. நான் வந்து உன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன், வாசலில் ஆதார் அட்டைக்கு வந்தவர் "சேச்சி, சேச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

பிறகு நீ போனாய். அதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீ போன பிறகு ஒரு மழைக்காலம் நான் அந்தக் கணினியைத் தொடவில்லை. உன் கணக்கு அதில் திறந்தபடியே கிடந்தது. மூடிவிட்டால் திரும்பத் திறக்கக் கடவுச்சொல் தெரியாது, அதனால் மூடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் மூட மனம் வரவில்லை. வாடிக்கையாளர் யாரையும் அங்கே உட்கார விடவில்லை. ஒருநாள் தூசு தட்டப் போனவள், உன் பேச்சுப் பக்கத்தில் கொக்கரின் செய்திகள் வரிசையாக விழுந்து கிடப்பதைப் பார்த்தேன்.

நம் ஆள் ஒருவர் புதிதாக வந்திருக்கிறார். பெயர் வேண்டாம், வீரர் என்று வைத்துக்கொள்வோம். குளிர்நாடு ஒன்றில் இருந்துகொண்டு எழுதுகிறார் போல. அவர் மணல்திட்டுப் பத்தியை முழுசாக வெட்டி எறிந்துவிட்டு, எதிரியின் பிணத்துக்கு ஒப்பாரி வைத்த துரோகி யார் என்று கேட்டிருந்தார். கேட்டது உன்னை. அதற்குப் பதிலடியாகக் கொக்கரின் ஆட்கள் பள்ளிக்கூடத்து வரியை வெட்டத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் வெட்ட வெட்ட, கொக்கர் அதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் துரோகிப் பட்டம் கிடைத்திருந்தது.

ஆனால் மணல்திட்டுப் பத்தியை அவர் தொடவே இல்லை. "தயவுசெய்து வந்து அவர்களைத் திரும்ப வையுங்கள். நான் வைக்கக்கூடாது" என்று உனக்கு எழுதியிருந்தார். அடுத்தது, "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" அதற்கு அடுத்தது, "நான் காத்திருக்கிறேன். ஆனால் பள்ளிக்கூடத்தை எவ்வளவு நாள் தனியாகக் காப்பாற்ற முடியும் என்று தெரியவில்லை." நீ செத்துப்போனது அவருக்குத் தெரியாது. யார் சொல்லியிருப்பார்கள்?

சாயங்காலம் அண்ணன் வந்ததும் காட்டினேன். அவன் நின்றபடியே கேட்டான்.

"எதுக்கு நமக்கு அந்தப் பொல்லாப்பு? அவ போயாச்சு. மதி, போதும். நீ கடையப் பாரு."

"அந்தப் பத்தி திரும்ப வரல்லேன்னா பள்ளிக்கூடத்தையும் வெட்டிருவாங்க அண்ணா. மைனியோட அம்மா சமாச்சாரம் அங்கன மட்டும்தான் இருக்கு. ஒரு கல்லறை கெடயாது, ஒரு போட்டோ கெடயாது."

அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் என்ன நினைத்தேன் என்று உள்ளபடி சொல்கிறேன் மைனி. அந்தச் சிப்பாய்களைப் பற்றி எனக்கு ஒரு அக்கறையும் இல்லை. நம் பயிருக்கு வேலி அவர்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அந்த எண்ணத்தோடுதான் மறுநாள் மதியம் உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கென்று ஒரு கணக்கு உண்டு, படகுத்துறையைப் பற்றிய பக்கத்தில் நாலு எழுத்துப் பிழையைத் திருத்தியதோடு சரி. அதில் செய்வதாகத்தான் நினைப்பு. திருத்த வரலாற்றில் உன் பழைய பத்தியைத் தேடிப் பிடித்து, மீட்டமை என்பதை அழுத்தினேன். பத்தி வந்து உட்கார்ந்தது.

அதற்குப் பக்கத்தில் உன் பெயர் விழுந்திருந்தது. அன்றைய தேதியோடு.

திறந்து கிடந்தது உன் கணக்கு என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் மறந்திருக்கிறேன். அதைவிடக் கொடுமை, ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன் பெயர், அதற்கு எதிரே இன்றைய தேதி. நீ உட்கார்ந்து எழுதிவிட்டு சாயா குடிக்க எழுந்து போனதுபோல இருந்தது.

நான் யோசித்து முடிப்பதற்குள் கொக்கர் எழுதிவிட்டார். "வந்துவிட்டீர்கள். பயந்துபோயிருந்தேன். நன்றி."

அன்று முழுக்க அந்த நன்றியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒருவர் கணக்கை இன்னொருவர் பயன்படுத்துவது அங்கே பெரிய குற்றம். சொன்னால் உன் கணக்கைப் பூட்டிவிடுவார்கள், பத்தியை எடுத்துவிடுவார்கள், வீரர் துள்ளுவார். சொல்லாவிட்டால் எல்லாம் அப்படியே நிற்கும். உன் பெயருக்கு அங்கே ஒரு மதிப்பு இருந்தது, என் பெயரை யாருக்குத் தெரியும்? நீயாகவே நடித்துக்கொண்டு போயிருக்கலாம். சத்தியமாக அந்த ஆசை வந்தது.

ஆனால் அந்த மனிதர் உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று மறுபடியும் கேட்டார். அதற்கு உன் பெயரில் "நலம்" என்று என்னால் எழுத முடியவில்லை. என் சொந்தக் கணக்கைத் திறந்து, அந்தப் படையெடுப்புப் பக்கத்துக்கென்று உள்ள, எல்லோரும் பார்க்கிற பேச்சுப் பக்கத்தில் எழுதினேன்: இந்தப் பெயரில் எழுதியவர் இறந்துவிட்டார். நான் அவருடைய கணவரின் தங்கை. கடைசித் திருத்தம் அவர் செய்தது அல்ல, நான் செய்தது, தவறுதலாக.

மறுநாளே உன் கணக்கைப் பூட்டினார்கள். உன் பக்கத்தின் மேல் ஒரு சாம்பல் நிறக் குறிப்பு வந்தது. பத்தி போயிற்று. பிணத்தின் கையெழுத்தை வைத்து எதிரிக்கு வக்காலத்து வாங்கியவர்கள் என்று வீரர் எழுதினார். நம் மொழி பேசுகிற ஆள். உனக்கு ஒரு வருத்தச் சொல் சொல்லத் தோன்றவில்லை அவருக்கு. இதை அவர் படித்தால் படிக்கட்டும்.

சில நாள் கழித்துக் கொக்கர் என் பேச்சுப் பக்கத்தில் நீளமாக எழுதினார். நான் புரிந்துகொண்ட அளவில் தமிழில் தருகிறேன்.

"உங்கள் அண்ணிக்கு ஒருநாள் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்த ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். அந்தப் படையெடுப்பில் நான் இருந்தேன். மணல்திட்டில் இறந்தவர்களில் சிலர் என்னோடு ஒரே கூடாரத்தில் தூங்கியவர்கள். நான் பார்த்ததை அந்தப் பக்கத்தில் ஒருநாளும் எழுதவில்லை. விதி எனக்குத் தெரியும். அவர்களை எழுதியது உங்கள் அண்ணிதான், நான் எழுதியிருக்கக் கூடியதைவிடச் சரியாக எழுதினார். பள்ளிக்கூடத்து வரிக்காக நான் அத்தனை மாதம் ஏன் சான்று தேடினேன் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. எறிகணை விழுந்த மறுநாள் நாங்கள் அந்த வழியாகத்தான் நடந்து போனோம்."

மைனி, உனக்கு இது தெரியுமா?

எதற்கெடுத்தாலும் சான்று கேட்கிறவள் நீ. அண்ணன் மத்தி கிலோ இன்ன விலை என்றால்கூட யாரிடம் கேட்டாய் என்பாய். இத்தனை பெரிய வடக்கில் அந்த ஒரு பள்ளிக்கூடத்தை மட்டும் இந்த மனிதர் எப்படித் தேடிப் பிடித்தார் என்று உனக்குத் தோன்றவே இல்லையா? தோன்றியும் கேட்காமல் விட்டாயா? டிரம்முக்குப் பக்கத்தில் நின்று அழுதது அம்மாவுக்காக மட்டும்தானா?

அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "பட்டாளக்காரனா?" என்றான். கை கழுவிவிட்டு வந்து, "அப்போ அவன் மாமியக் கண்டிருப்பானோ?" என்றான். உன் அம்மாவை ஒருநாளும் நேரில் பார்க்காத மருமகன் கேட்கிற கேள்வி இது.

எனக்கு அந்த மனிதரைக் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. என்ன பார்த்தாய், யாராவது உயிரோடு இருந்தார்களா, தண்ணீர் கேட்டார்களா, நின்றாயா, நடந்துகொண்டே இருந்தாயா என்று கேட்க வேண்டும். எழுதி எழுதி அழித்தேன். உன் அம்மா அங்கே இருந்ததையும் எழுதி அழித்தேன். அந்தப் பக்கத்தை இனித் திறப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அவருடைய சிப்பாய்களை அவரே எழுதட்டும், அல்லது அழிந்து போகட்டும்.

கடையில் மழைக்கு ஒதுங்கியவர்களைத் தவிர யாரும் இல்லாத ஒரு பகல். அந்தப் பத்தியைத் திருத்த வரலாற்றிலிருந்து எடுத்து, காகிதத்தில் அச்செடுத்து வைத்துக்கொண்டு முதல்முறையாக முழுசாகப் படித்தேன். இதற்கு முன்னால் நான் அதைப் படித்ததே இல்லை மைனி. வேலி என்று நினைத்து நட்டேனே தவிர, படிக்கவில்லை.

வேலை இல்லாத ஊர்களிலிருந்து சம்பளத்துக்குப் போனவர்கள் என்று எழுதியிருந்தாய். காயம்பட்டவர்கள் தண்ணீர் கேட்டதாக உயிர் தப்பிய ஒருவர் பதிவு செய்திருப்பதை எழுதியிருந்தாய். சில வீடுகளுக்குத் திறக்கக்கூடாது என்று சொல்லி மூடிய பெட்டி போனது, சில வீடுகளுக்குப் பெட்டியும் போகவில்லை என்று முடித்திருந்தாய். ஒரு சொல் கூடுதல் இல்லை. பாவம் என்றோ, வீரம் என்றோ, நன்றாக வேண்டும் என்றோ ஒரு சொல் இல்லை. உன் அம்மாவுக்கும் பெட்டி கிடையாது. அதை மனதில் வைத்துக்கொண்டு இதை எப்படி எழுதினாய்? நான் கவுண்டரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். மழைக்கு ஒதுங்கியிருந்த ஒருவர், "எந்தா சேச்சி, வய்யே?" என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன்.

கொக்கரை நான் மன்னித்தேன் என்று எழுதமாட்டேன். மன்னிக்க நான் யார்? செத்தது உன் அம்மா. மறுநாள் அந்த வழியாக நடந்தவர், பிறகு வாழ்நாளில் என்னத்தையோ தேடிக்கொண்டிருந்திருக்கிறார். அது குற்றமா பரிகாரமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மணல்திட்டில் கிடந்தவர்கள் அவர் அல்ல. அவர்கள் வேறு ஆட்கள்.

நீ எழுதியதை அப்படியே எடுத்து ஒட்ட எனக்கு உரிமை இருந்தது. ஒட்டவில்லை. கொக்கரிடம் சான்றுகளைத் திரும்பக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றையும் படித்து, என் ஆங்கிலத்தில் புதிதாக எழுதினேன். அவர் எந்தக் கேள்வியும் கேட்காமல் அனுப்பினார். எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. உன்னுடையதில் பாதி அழகுகூட இல்லை. என் பெயரில் ஏற்றினேன்.

வீரர் வெட்டினார். நான் வைத்தேன். சான்றுகளை வரிசையாகக் காட்டி, பேச்சுப் பக்கத்தில் நாள் முழுக்கப் பதில் சொன்னேன். எவ்வளவு கொடுத்தார்கள் உனக்கு என்று கேட்டார். உன் குடும்பத்தில் யாராவது செத்திருந்தால் இப்படி எழுதுவாயா என்று கேட்டார். அதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. கடைசியில் ஒரு நிர்வாகி வந்து, பத்தி நிற்கட்டும் என்று எழுதிவிட்டுப் போனார். எவ்வளவு நாளைக்கு என்று யாருக்குத் தெரியும். இதை எழுதும்போது நிற்கிறது. பள்ளிக்கூடத்து வரியும் நிற்கிறது. நேற்றும் யாரோ வெட்டி, கொக்கர் வைத்திருக்கிறார்.

அண்ணன் இப்போது தினமும் கடையைப் பூட்டும் நேரத்துக்கு வருகிறான். வேறெதுவும் பேசமாட்டான். "மாமி உண்டா?" என்று கேட்பான். நான் பக்கத்தைத் திறந்து பார்த்து, "உண்டு" என்பேன். பிறகு இரண்டு பேரும் வீட்டுக்குப் போவோம்.

சிங்களம் பேசுகிறவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரிந்த நண்பர்கள் இருப்பார்கள். கொக்கர் இந்தக் கடிதத்தை யாரையாவது வைத்துப் படித்துக்கொள்வார். அப்போது, அந்தப் பள்ளிக்கூடத்தில் நடக்க முடியாமல் கிடந்தவர்களில் ஒருத்தியின் மகள்தான் அவருடைய தோழர்களை எழுதினாள் என்று தெரிந்துகொள்வார். நீ சொல்லாததை நான் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள். இனி அந்த வரியை அவர் அது தெரிந்தே காக்க வேண்டும். முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடட்டும்.

என் பங்குக்கு நான் சொல்வது இதுதான் மைனி. மணல்திட்டில் செத்தவர்களை இனி நான் பார்த்துக்கொள்கிறேன். யார் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும், எனக்கு உடம்பில் தெம்பு இருக்கும்வரை, அவர்களில் ஒரு உயிரைக் கூட்டியும் எழுதமாட்டேன், ஒரு உயிரைக் குறைக்கவும் விடமாட்டேன். இந்தச் சத்தியத்தை உன்மேல் வைக்கவில்லை. பெட்டியில்லாமல் போன உன் அம்மாவின் மேல் வைக்கிறேன்.

நீயாக நடிக்கப் பார்த்து முடியாமல்போன,
உன் மச்சாள்
மட்டாஞ்சேரி